உடல் எடை குறைப்பு ஆபரேஷன்: இன்சூரன்ஸ் பணம் யாருக்கு கிடைக்கும்? மறுத்தால் என்ன வழி?

சென்னை,

'எடையை குறைக்க ஆபரேஷன்தான் வழி' என்கிறார் டாக்டர். 'உடல் பருமனுக்கு பாலிசியில் பணம் கிடையாது' என்று ஒற்றை வரியில் கடிதம் அனுப்பி கையை விரிக்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி. அடுத்த நாளே குடும்பம் நகையோடு அடகு கடை வாசலில் நிற்கிறது.

அந்த ஒற்றை வரியே முடிவு என்று நினைத்து விடாதீங்க. முன்பு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி எழுதி வைத்திருந்தது. 2019-ம் ஆண்டு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) எல்லோருக்கும் ஒரே வாசகத்தை கொண்டு வந்தது. பாலிசி புத்தகத்தில் 'எக்ஸ்க்ளூஷன் 06' என்று இருக்கும். சில நிபந்தனைகள் பூர்த்தி ஆகாத ஆபரேஷனுக்குத்தான் பணம் இல்லை என்கிறது அது. எல்லாம் சரியாக இருந்தால் அந்த பிரிவை காட்டி மறுக்க முடியாது.

நிபந்தனை என்ன?

டாக்டரின் ஆலோசனைப்படி, மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டு ஆபரேஷன் நடக்க வேண்டும். 18 வயது நிரம்பி இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் பெரும்பாலும் சிக்கல் வராது. சிக்கலே பி.எம்.ஐ. கணக்கில்தான்.

எடையை (கிலோ) உயரத்தால் (மீட்டர்) இரண்டு தடவை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இது 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 5 அடி 3 அங்குலம், அதாவது 160 செ.மீ. உயரம் உள்ளவர் 103 கிலோ இருந்தால் 40-ஐ தாண்டி விடுவார். அதே ஆள் 90 கிலோ என்றால் 35 வரும். 35-ல் இருந்து 40-க்குள் இருப்பவருக்கு கூடவே இன்னொரு நோய் இருக்க வேண்டும். பருமனால் வந்த இதய தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் மூச்சு திணறும் கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்குள் வராத சர்க்கரை (டைப்-2) ஆகிய நான்கில் ஒன்று. அத்துடன், ஆபரேஷன் இல்லாத வழிகளில் எடையை குறைக்க முயன்றும் முடியவில்லை என்றும் இருக்க வேண்டும்.

மூட்டு வலி, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு ஈரல் எல்லாம் அந்த பட்டியலில் இல்லை. பாதி பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 27.5-ல் இருந்தே ஆபரேஷன் பற்றி யோசிக்கலாம் என்று 2022-ல் சர்வதேச ஆபரேஷன் டாக்டர்கள் சங்கமும், அமெரிக்க சங்கமும் கூறி விட்டன. ஆனால் இன்சூரன்ஸ் விதி பழைய கணக்கிலேயே நிற்கிறது. டாக்டர் சரி என்றாலும் கம்பெனி இல்லை என்பது இதனால்தான்.

காகிதம்தான் பேசும்

இது திடீரென்று செய்யும் ஆபரேஷன் அல்ல. எனவே முன்கூட்டியே காகிதங்களை சேர்த்து, அட்மிட் ஆகும் முன்பே கம்பெனியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி விட வேண்டும். உயரம், எடை, பி.எம்.ஐ. மூன்றையும் டாக்டர் தன் சீட்டில் எழுத வேண்டும். தூக்க பரிசோதனை ரிப்போர்ட், 3 மாத சர்க்கரை அளவு ரிப்போர்ட், டயட்டீஷியனிடம் போன சீட்டு, எடைக்கு சாப்பிட்ட மாத்திரை, ஊசி பில் எதையும் தூக்கி போடாதீங்க. 'டயட் இருந்து பார்த்தேன்' என்று வாயால் சொன்னால் செல்லாது.

இன்னொரு வம்பு, பாலிசி போடும்போதே தொடங்குகிறது. 'அண்ணே, எடையை 75-னு போட்டுடலாம், இல்லேன்னா பிரீமியம் ஏறிடும்' என்பார் ஏஜெண்டு. நாமும் கையெழுத்து போட்டு விடுவோம். நாளைக்கு 110 கிலோவுக்கு கிளைம் போகும்போது அந்த 75 எதிரே வந்து நிற்கும். உண்மையை மறைத்ததாக சொல்லி பாலிசியையே ரத்து செய்யலாம். அப்போது ஏஜெண்டு போனை எடுக்க மாட்டார். தொடர்ந்து 5 ஆண்டு (60 மாதம்) பிரீமியம் கட்டி விட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய இந்த காரணத்தை கிளப்ப முடியாது. இது 2024-ல் வந்த மாற்றம். அதற்கு முன்பு 8 ஆண்டாக இருந்தது.

ஏற்கனவே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 3 ஆண்டு காத்திருப்பு காலம் உண்டு. சில பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்கு மட்டும் இவ்வளவுதான் என்று தனி உச்சவரம்பும் இருக்கும். வேலை பார்க்கும் இடத்தில் போட்டு தரும் குரூப் பாலிசியில் விதி வேறாக இருக்கலாம். அதையும் கேட்டு பாருங்க. எடை குறைந்த பிறகு தொங்கும் தோலை அழகுக்காக அகற்றினால் பணம் வராது.

மறுத்தால்...

எந்த நிபந்தனைப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு உரிய ஆதாரத்துடன் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை, அண்ணாசாலையில் உள்ளது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவை இல்லை. ரூ.50 லட்சம் வரை விசாரிப்பார். கம்பெனி கடைசியாக மறுத்து ஒரு வருடத்துக்குள் மனு போய் சேர வேண்டும். கம்பெனியிடம் கொடுத்த மனு நகல் இல்லாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பி விடுவார்கள்.

அங்கும் சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு. அதற்கு கெடு 2 வருடம்.