ஒரு கப்பல் வரலைன்னா: நோம் நகரத்தோட ஒரு குளிர்காலம்

இன்னைக்கு நாம போகப் போற ஊரோட பேரு நோம். அமெரிக்காவுல அலாஸ்கா மாநிலம், பெரிங் கடலோரம். மக்கள்தொகை சுமார் 3,500. வெளியூர்ல இருந்து இந்த ஊருக்கு ரோடு கிடையாது, ரயிலும் கிடையாது. விமானம் வரும், கோடையில கப்பல் வரும். குளிர்காலத்துல கடலே உறைஞ்சிடும். அதுக்கப்புறம் கப்பலைப் பார்க்கணும்னா அடுத்த மே, ஜூன் வரைக்கும் காத்திருக்கணும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. அந்த ஊர்ல கரன்ட் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர்ல இருந்து வருது. வீட்டைச் சூடா வெச்சிருக்க எண்ணெய் வேணும். பனியில ஓட்டுற ஸ்னோமொபைலுக்குப் பெட்ரோல் வேணும். சுத்தி இருக்கிற இனூபியாக், யூபிக் பூர்வகுடி மக்களுக்கு அது வெறும் வண்டி இல்ல. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அதுலதான் போறாங்க, வீட்டுச் சாப்பாட்டுல பெரிய பங்கு அங்கிருந்துதான் வருது. ஆக, பெட்ரோல் தீர்ந்தா அடுப்படி வரைக்கும் அடி விழும்.

எப்பவுமே இப்படி இருந்ததான்னு கேட்டா, இல்லை. இனூபியாக் மக்கள் பல தலைமுறையா சீல் எண்ணெய் ஊத்தின கல் விளக்கை வெச்சு வீட்டுக்கு வெளிச்சமும் சூடும் கொடுத்தாங்க. எரிபொருள் அதே கடல்ல, பக்கத்துலயே இருந்துச்சு. 1898-ல இங்க தங்கம் கிடைச்சது. 1900 வாக்குல சுமார் 20,000 பேர் வந்து குவிஞ்சாங்க. அவங்களுக்கு வேண்டியதெல்லாம் கப்பல்ல வந்துச்சு. தங்கம் தேடி வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க கிளம்பிட்டாங்க. கப்பலை நம்பி இருக்கிற பழக்கம் மட்டும் ஊர்லயே தங்கிடுச்சு.

அதுக்கு முதல் பெரிய சோதனை 1925 ஜனவரி. ஊர்ல டிப்தீரியா பரவுது, மருந்து பத்தல, கடல் உறைஞ்சு கிடக்கு. 20 பேர் நாய் வண்டிகள்ல கைமாத்திக் கைமாத்தி சுமார் 1,085 கிலோமீட்டர் தூரத்தை அஞ்சரை நாள்ல கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தாங்க. கடைசிக் கட்டத்துல முன்னால ஓடின பால்டோங்கிற நாய்க்கு அதே வருஷம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல சிலை வெச்சாங்க.

மருந்தை நாய் வண்டியில கொண்டு போயிடலாம். டீசலை?

2011 நவம்பர்ல பெரிங் கடல்ல பயங்கரமான புயல். குளிர்காலத்துக்கு முன்னால வரவேண்டிய கடைசி எரிபொருள் பார்ஜ் வந்து சேர முடியல. அதுக்குள்ள கடல் உறைஞ்சிடுச்சு. கையிருப்பு அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் தாங்காது. விமானத்துல கொண்டு வரலாம்தான். ஆனா ஒரு நடைக்கு 15,000 லிட்டர்னு வெச்சாலும் 300 நடைக்கு மேல ஆகும். அந்தச் செலவெல்லாம் எண்ணெய் விலையில ஏறி மக்கள் தலையிலதான் விழும்.

அப்போ பூர்வகுடி மக்களோட சிட்நசுவாக் நிறுவனம் ஒரு புது வழியைப் பிடிச்சுது. பனியில போகத் தாங்குற ரெண்டாங்கிற ரஷ்ய டேங்கர் கப்பலை வரவழைச்சாங்க. தென் கொரியாவுல டீசல் ஏத்தியாச்சு. ஜப்பான்ல பெட்ரோல் ஏத்தணும்னு திட்டம், வானிலை விடல. சரி, அலாஸ்காவோட டச் ஹார்பர்ல ஏத்திக்கலாம்னா சட்டம் குறுக்க நிக்குது. அமெரிக்கத் துறைமுகத்துல ஏத்தி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்துல இறக்குற சரக்கை அமெரிக்காவுல கட்டின, அமெரிக்கக் கொடி பறக்கிற கப்பல்தான் கொண்டு போகணும்னு சொல்ற 1920-ஆம் வருஷத்து ஜோன்ஸ் சட்டம். அரசாங்கம் அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்துச்சு.

அடுத்தது பனி. சுமார் 480 கிலோமீட்டருக்கு உறைஞ்ச கடல். அப்போ அமெரிக்காகிட்ட வேலை செய்யுற நிலையில இருந்த ஒரே துருவப் பனி உடைப்புக் கப்பல், கடலோரக் காவல்படையோட ஹீலி. ஹீலி முன்னால போய்ப் பனியை உடைக்கும். பின்னால ரெண்டா வர்றதுக்குள்ள பனி நெருங்கி வழியை மூடிடும். ஹீலி திரும்பி வந்து ரெண்டாவைச் சுத்திப் பனியை உடைச்சு விடும். மறுபடியும் கொஞ்ச தூரம். ஒரு காலத்துல பனிப்போர்ல எதிரெதிரா நின்ன ரெண்டு நாட்டுக் கப்பல்கள், நிஜப் பனிக்குள்ள ஒண்ணுக்கொண்ணு துணையா ஊர்ந்துச்சு.

2012 ஜனவரி 14 அன்னைக்கு நோம் பக்கத்துல வந்து சேர்ந்தாங்க. துறைமுகத்துக்குள்ள நுழைய முடியாது. கரையிலிருந்து கிட்டத்தட்ட முக்கால் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, கப்பலைச் சுத்திப் பனி மறுபடி இறுகிற வரைக்கும் காத்திருந்து, அந்தப் பனி மேலயே குழாய் போட்டாங்க. 16-ஆம் தேதி இறக்க ஆரம்பிச்சு 19-ஆம் தேதி முடிச்சாங்க. மொத்தம் சுமார் 49 லட்சம் லிட்டர். 20,000 லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரின்னா, கிட்டத்தட்ட 245 லாரி.

இதைச் சாகசக் கதையா சொல்றது சுலபம், சொல்லவும் சொல்றாங்க. எனக்கு இதுல முக்கியமாப் படுறது வேற. ஒவ்வொரு வருஷமும் சத்தமில்லாம வந்து டேங்கை நிரப்பிட்டுப் போற பார்ஜுக்கு யாரும் சிலை வைக்கிறதில்ல. அது ஒரு தடவை தவறினதும் ஒரு ரஷ்யக் கப்பல், ஒரு பனி உடைப்புக் கப்பல், ஒரு சட்ட விலக்கு எல்லாம் தேவைப்பட்டுச்சு. அந்த ஊரைக் காப்பாத்திட்டு இருக்கிறது டேங்கோட கொள்ளளவும், அது நிரம்புற தேதியும்தான்.

பூமி சூடாகுது, பனி குறையுது, இனிமே கப்பலுக்குக் கஷ்டமில்லையேன்னு தோணலாம். ஆனா கரையோரப் பனி, அலைக்கு ஒரு தடுப்பு மாதிரி. அது லேட்டா உறைஞ்சா புயல் நேரா ஊரைத் தாக்கும். 2011-ல பார்ஜைத் தடுத்தது பனி இல்ல, புயல். 2022 செப்டம்பர்ல மெர்போக் சூறாவளியோட மிச்சம் அதே கரையை அடிச்சு நொறுக்குச்சு. நோம் துறைமுகத்தை ஆழப்படுத்துற திட்டத்துக்கு 2020-ல அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்திருக்கு. துறைமுகம் பெருசானாலும், அந்த வருஷத்து எண்ணெய் வந்து சேர்ந்துச்சாங்கிறதை ஒவ்வொரு அக்டோபர்லயும் ஊர்க்காரங்க பார்த்துக்கிட்டேதான் இருக்கணும்.