சாவி போர்த்துக்கீசியம், பூட்டு பிரெஞ்சு

நியூ டவுனுக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு சந்தோஷம் காத்திருக்கும். வீட்டு வேலைக்கு வரும் மாஷி "சாபி" என்பார், நமக்கு அது சாவி. "ஜானாலா" என்றால் ஜன்னல். "ஆல்மாரி" அலமாரி, "பாராந்தா" வராந்தா, "ஆனாரஷ்" அன்னாசி. "அட, வங்காளி இவ்வளவு சுலபமா!" என்று தோன்றும். அந்தச் சந்தோஷம் இரண்டாவது வாரம் வரைக்கும்தான் :-)

இந்தச் சொற்கள் தமிழும் இல்லை, வங்காளியும் இல்லை. எல்லாம் போர்த்துக்கீசியம். இது பலருக்கும் தெரிந்த செய்திதான். நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்த கட்டம். இங்கே போர்த்துக்கீசியம் பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் பிற்பாடு பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில் வாழ்ந்தார்கள், தெற்கே புதுச்சேரியிலும் இங்கே சந்தன்நகரிலும் (நம் பள்ளிப் புத்தகத்துச் சந்திரநாகூர்). போர்த்துக்கீசியம் பழகிய வாய்க்குப் பிரெஞ்சு எப்படிப் பிடிபட்டிருக்கும்? அப்புறம் அந்த வாய்க்கு என்ன ஆனது?

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். ஹவுராவில் பண்டேல் லோக்கல் ஏறினால் சுமார் 40 கிலோமீட்டருக்குள் நான்கு ஐரோப்பிய தேசங்களைக் கடந்துவிடலாம். ஸ்ரீராம்பூர் 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. சந்தன்நகர் 1950 வரை பிரெஞ்சு. சுன்சுரா 1825 வரை டச்சு. கடைசியில் பண்டேல், போர்த்துக்கீசியரின் மாதா கோயில். தரங்கம்பாடி, புதுச்சேரி, நாகப்பட்டினம் என்று நம் சோழமண்டலக் கரையைச் சுருட்டி ஹூக்ளி ஆற்றங்கரையில் விரித்தது போல இருக்கும்.

இவர்களில் முந்தியவர்கள் போர்த்துக்கீசியர்கள். 1580 வாக்கில் ஹூக்ளியில் குடியேறினார்கள். 1632-ல் ஷாஜகானின் படை வந்து அந்தக் குடியேற்றத்தை நொறுக்கியது. அரை நூற்றாண்டு செல்வாக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் மொழி முடியவில்லை. அடுத்த நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு இந்தியக் கடற்கரையில் எந்த ஐரோப்பியன் இறங்கினாலும் அவன் முதலில் கற்க வேண்டிய மொழி போர்த்துக்கீசியமாகத்தான் இருந்தது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1698-ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த சாசனத்தில், இங்கே வரும் பாதிரியார்கள் ஒரு வருஷத்துக்குள் போர்த்துக்கீசியம் கற்க வேண்டும் என்றே ஒரு விதி இருந்தது. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு தமிழோடு போர்த்துக்கீசியமும் கற்றார். அவருடைய அச்சுக்கூடத்துக்குத் தமிழ் எழுத்துகள் வந்து சேர்ந்தது 1713-ல். அதற்கு முன்பே அங்கே போர்த்துக்கீசிய அச்சு ஓடத் தொடங்கிவிட்டது. ராபர்ட் கிளைவுக்கு இந்திய மொழி எதுவும் வராது, ஆனால் போர்த்துக்கீசியத்தை வைத்துச் சமாளிப்பார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கடலூரில் இருந்த கீர்னாண்டர் என்ற ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார், 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் இங்கே பிரசங்கம் செய்த மொழிகளில் ஒன்று, வேறென்ன, போர்த்துக்கீசியம்.

இந்தச் சூழ்நிலையில்தான் பிரெஞ்சுக்காரர்கள் வருகிறார்கள். புதுச்சேரியில் 1674-ல் காலூன்றினார்கள். சந்தன்நகரில் அந்த நூற்றாண்டு முடிவதற்குள். இரண்டு இடத்திலும் அவர்களுக்குச் சிப்பாயாகவும் சமையற்காரராகவும் ஆயாவாகவும் எழுத்தராகவும் வந்து சேர்ந்தவர்களில் நிறையப் பேர் போர்த்துக்கீசியம் பேசும் கலப்பினக் கிறிஸ்தவர்கள். நம் ஊர்க்காரர்கள் சட்டைக்காரர் என்றார்கள். ஐரோப்பியர்கள் 'தொப்பாஸ்' என்றார்கள். பிரெஞ்சில் அவர்களுக்கு இன்னொரு பெயர், "ஷப்போக்காரர்கள்", அதாவது தொப்பி வைத்தவர்கள். பிரெஞ்சு 'ஷப்போ'வுக்குப் போர்த்துக்கீசியத்தில் 'ஷப்பேவு'. போர்த்துக்கீசியம் அந்தச் சொல்லைப் பழைய பிரெஞ்சிடமிருந்து கடன் வாங்கியது. ஆக, அவர்கள் தலையில் இருந்ததே பாதி பிரெஞ்சு.

இந்தக் கலப்பு சிப்பாய் வீட்டோடு நிற்கவில்லை. புதுச்சேரி கவர்னராக இருந்த டூப்ளேயின் மனைவி ழான் 1706-ல் புதுச்சேரியிலேயே பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக் கம்பெனியின் வைத்தியர், அம்மா போர்த்துக்கீசிய வழி வந்த தெ காஸ்த்ரோ குடும்பம். ழானுக்குத் தமிழும் நன்றாக வரும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நிறைய இடங்களில் (பெரும்பாலும் கோபத்தோடு) வருகிறவர் இவர்தான். இவருக்கும் டூப்ளேக்கும் கல்யாணம் நடந்த இடம் சந்தன்நகர், வருஷம் 1741.

சரி, பாடத்துக்கு வருவோம். போர்த்துக்கீசியம் தெரிந்தவருக்குப் பிரெஞ்சு காகிதத்தில் பாதி தெரிந்த மொழி. இரண்டும் லத்தீனின் பிள்ளைகள். சொற்களுக்கு இடையே வங்கியில் நாணய மாற்று விகிதம் போட்டு வைப்பது போல விகிதங்கள் இருக்கின்றன. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. போர்த்துக்கீசியத்தில் 'ஷ' என்று தொடங்கும் பல சொற்கள் பிரெஞ்சில் 'க்ள', 'ப்ள', 'ஃப்ள' என்று தொடங்கும். சாவி அங்கே 'ஷாவ்', இங்கே 'க்ளே'. மழை 'ஷூவா', இங்கே 'ப்ளுயீ'. தீச்சுவாலை 'ஷாமா', இங்கே 'ஃப்ளாம்'.

இரண்டு. இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே வரும் 'ல', 'ன' ஒலிகளைப் போர்த்துக்கீசியம் விழுங்கிவிட்டது, பிரெஞ்சு வைத்துக்கொண்டது. நிலா அங்கே 'லூவா', இங்கே 'லூன்'. வலி அங்கே 'தோர்', இங்கே 'துலேர்'. நிறம் அங்கே 'கோர்', இங்கே 'குலேர்'.

மூன்று. போர்த்துக்கீசியத்தில் மூக்கால் பேசும் 'ஔ(ன்)' ஓசை பிரெஞ்சில் 'ஓ(ன்)' ஆகும், அல்லது 'ஏ(ன்)' ஆகும். (அடைப்புக்குறிக்குள் இருக்கும் ன்-ஐ நாக்கால் சொல்லக்கூடாது, மூக்கோடு விட்டுவிட வேண்டும்.) சோப்பு 'ஸபௌ(ன்)', 'ஸவோ(ன்)'. பொத்தான் 'பொத்தௌ(ன்)', 'பூத்தோ(ன்)'. ரொட்டி 'பௌ(ன்)', 'பே(ன்)'. வங்காளிகளின் 'சாபான்', நம் பொத்தான், ஈழத் தமிழரின் பாண், மும்பையின் பாவ் எல்லாமே இந்த மூக்கொலி இந்திய, இலங்கைக் காதுகளில் விழுந்த விதம்தான்.

மூக்கொலி விஷயத்தில் போர்த்துக்கீசியருக்கு ஆங்கிலேயரைவிடப் பிரெஞ்சு சுலபம். வங்காளிகளுக்கும் சந்திரபிந்து இருக்கிறது. நமக்கு மட்டும் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். "மரம்" என்று எழுதுகிறோம், பேச்சில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி ம் வாயை மூடாமல் மூக்கு வழியே போய்விடும். "வந்தான்" என்பதும் அப்படித்தான். எழுத்தில் இல்லாத மூக்கொலி நம் பேச்சில் தாராளமாக இருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில். நிலா என்பதை வசதிக்காக 'லூன்' என்று எழுதினேன், அது சரியான உச்சரிப்பு இல்லை. 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ' போலக் குவித்தால் வரும் ஒலி அது. போர்த்துக்கீசியத்திலும் கிடையாது, தமிழிலும் கிடையாது. பிரெஞ்சில் இந்த ஒலியோடு 'ரூ' என்றால் தெரு, சாதாரண 'ஊ' வைத்து 'ரூ' என்றால் சக்கரம். பழகாத வாய்க்குப் புதுச்சேரித் தெருவெல்லாம் சக்கரமாக உருளும் :-)

அடுத்தது, எழுதிவிட்டுச் சொல்லாமல் விடும் எழுத்துகள். போர்த்துக்கீசியத்தில் சிப்பாய் 'சொல்தாதோ', முழுசாகச் சொல்லலாம். பிரெஞ்சில் கடைசி எழுத்து ஊமை, 'சொல்தா'தான். புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை இன்றும் சொல்தா என்றுதான் சொல்கிறோம், தமிழ்க்காது சரியாகப் பிடித்திருக்கிறது. ஐயா என்ற மரியாதைச் சொல்லைப் பிரெஞ்சில் எட்டு எழுத்துப் போட்டு எழுதுவார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துத் தமிழில் அது வெறும் 'முசே'. காகிதத்தைப் பார்க்காமல் காதை நம்பியதால் வந்த லாபம் இது. போர்த்துக்கீசியம் படித்தவருக்கு எதிர்ப்பக்கம். எழுத்தைப் பார்த்ததும் அர்த்தம் புரிந்துவிடும், அதனாலேயே காது சோம்பல் படும்.

புரிந்த மாதிரி இருந்து காலை வாரும் சொற்களும் உண்டு. லிஸ்பனில் ஒருவர் 'கொன்ஷ்திப்பாது' என்றால் அவருக்கு ஜலதோஷம். அதையே பிரெஞ்சு சாயலில் டாக்டரிடம் சொன்னால் மலச்சிக்கலுக்கு மருந்து கிடைக்கும். சாப்பாட்டை 'எஷ்கிஸீத்து' என்றால் போர்த்துக்கீசியத்தில் ஒரு மாதிரி இருக்கிறது என்று அர்த்தம். பிரெஞ்சில் அதன் உடன்பிறப்பான 'எக்ஸ்கீ'க்கு அருமை என்று அர்த்தம்.

எந்த விகிதத்துக்கும் அடங்காத சொற்களும் இருக்கின்றன, அவை எல்லாம் வீட்டுக்குள் இருப்பவை. போர்த்துக்கீசிய 'மேசா'வுக்குப் பிரெஞ்சில் 'தாப்ள்'. 'ஜனேலா'வுக்கு 'ஃபெனேத்ர்'. மனப்பாடம்தான் வழி. நமக்கு வந்து சேர்ந்தவை மேசையும் ஜன்னலும், தாப்ளும் ஃபெனேத்ரும் இல்லை.

இங்கே ஒரு சுவாரசியம். இன்றைய லிஸ்பனில் சாவிக்கு 'ஷாவ்' என்கிறார்கள். ஆனால் 16-ஆம் நூற்றாண்டில் அந்த முதல் எழுத்து 'மச்சான்' என்பதில் வரும் 'ச்ச' போல ஒலித்தது. பிறகுதான் மெல்ல 'ஷ' ஆனது. வங்காளிகள் 'சாபி' என்று அழுத்திச் சொல்லும்போது கேட்பது லிஸ்பன் மறந்துவிட்ட பழைய உச்சரிப்பு. இது புதுக்கதையும் இல்லை. பிரெஞ்சிலும் பழைய 'ச்ச' 'ஷ' ஆகிவிட்டது, ஆனால் அதற்கு முன்பு ஆங்கிலம் கடன் வாங்கிய 'சேர்', 'சீஃப்' போன்ற சொற்களில் பழைய ஒலி அப்படியே இருக்கிறது. கடன் கொடுத்தவர் மறந்தாலும் வாங்கியவர் கணக்கில் பத்திரமாக இருக்கும் போலிருக்கிறது.

சரி, அந்தத் தொப்பிக்காரர்கள்? புதுச்சேரியில் பள்ளி, உத்தியோகம், கோர்ட்டு எல்லாம் பிரெஞ்சு என்றானதும் அவர்கள் பிரெஞ்சு பேசுகிறவர்களானார்கள். கல்கத்தாவில் ஆங்கிலம். பெயரில் மட்டும் டி குரூஸ், ரொசாரியோ என்று மிச்சம் இருந்தது. சந்தன்நகரில் ஒருவர் வேறு வழியில் போனார். ஆன்டனி ஃபிரிங்கி, போர்த்துக்கீசிய வழி வந்தவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் வாழ்ந்தபடி, வங்காளியில் எதிர்ப்பாட்டுப் பாடும் கவியாலாகப் பெயர் வாங்கினார். அவரைப் பற்றி 1967-ல் உத்தம் குமார் நடித்த படம் வந்தது, 2014-ல் 'ஜாதிஷ்வர்' வந்தது. பக்கத்து வீட்டு வங்காளியிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

மொழியாகப் போர்த்துக்கீசியம் மிஞ்சிய இடங்கள் கொஞ்சம். கொச்சி பக்கம் வைப்பீனில் அதைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி முதியவர் 2010-ல் மறைந்தார். மட்டக்களப்புப் பறங்கியரில் சிலர், சுற்றிலும் தமிழுக்கு நடுவே, தங்கள் போர்த்துக்கீசியத்தை இன்னும் வீட்டில் பேசுகிறார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பிரெஞ்சுக்காரர்கள் சந்தன்நகரில் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். வங்காளியில் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களை விரல்விட்டு எண்ணலாம், தோட்டாவுக்கு 'கார்துஜ்' மாதிரி. ஹூக்ளியில் ஐம்பது வருஷம் இருந்த போர்த்துக்கீசியரின் மொழி சாவி, ஜன்னல், அலமாரி, வாளி, சோப்பு, துவாலை என்று ஒரு வீட்டையே கொடுத்துவிட்டுப் போனது. பிரெஞ்சு ஆபீசில் பேசிய மொழி. போர்த்துக்கீசியம் அடுக்களையிலும் தொட்டிலருகிலும் பேசிய மொழி.

ஊர்விட்டு ஊர் வந்திருக்கும் நமக்கு இதில் ஆறுதலும் உண்டு, பயமும் உண்டு. வீட்டுக்குள் புழங்கும் சொல் சாகாது, அது ஆறுதல். பயம் என்னவென்றால், சொல் பிழைத்தும் மொழி போய்விட முடியும். ஹூக்ளிக் கரையில் சாவி இருக்கிறது, ஆனால் "சாவி எங்கே வைத்தாய்?" என்று போர்த்துக்கீசியத்தில் கேட்க ஆளில்லை. நம் பிள்ளைகள் இட்லி, சாம்பார், அம்மா, தாத்தா என்ற சொற்களை எங்கே போனாலும் வைத்துக்கொள்வார்கள். அந்த "எங்கே", அந்த "வைத்தாய்", அவற்றைத்தான் தினமும் வீட்டில் கேட்டுப் பதில் வாங்க வேண்டியிருக்கிறது.