ஏழு கோயில்களும் மிகையின் வரம்பும்

கூட்டிச் சொல்வது பொய்யாகுமா என்ற கேள்விக்கு அணிநூலார் என்றோ விடை சொல்லிவிட்டார்கள்: மிகை குற்றமன்று, வரம்பு கடந்த மிகையே குற்றம். அந்த வரம்பை மீறுவது யார்? பெரும்பாலும் பேசியவர் அல்லர், அவர் பேச்சை இடம்பெயர்த்து எழுதியவர் என்பதே இக்கட்டுரையின் வாதம். மாமல்லபுரத்துக் கடலில் கோயில்கள் மூழ்கியதாகச் சொல்லும் ‘ஏழு கோயில்’ கதை இதற்கு நல்ல சான்று.

பல்லவர் காலக் காஞ்சியில் வாழ்ந்த வடமொழி அணிநூலார் தண்டி, உலகியலை மீறாத அழகைக் ‘காந்தம்’ என்கிறார். அது வருணனையில் மட்டுமின்றி அன்றாடப் பேச்சிலும் அமையும் என்பது அவர் கருத்து. பெரியவரின் பாதத்தூளி பட்ட வீடே வீடு என்று விருந்தினரிடம் சொன்னால் காந்தம். அத்தூளியால் பாவமெல்லாம் கழுவப்பட்டு, வீடே வழிபாட்டுக்குரிய தேவர் கோயிலாகிவிட்டது என்றால் அளவு மீறிய கூற்று. தமிழ்த் தண்டியலங்காரமும் இவ்வரம்பை ஏற்கிறது. தண்டி மாமல்லபுரத்தை அறிந்தவர். அங்குள்ள கடலோரத் திருமால் சிலையின் முறிந்த கையைச் சிற்பி லலிதாலயர் ஒட்டுத் தெரியாமல் சீர்செய்ததைக் காண அவர் சென்றதாக அவரது ‘அவந்திசுந்தரி கதை’யின் முன்னுரைப் பகுதி கூறுகிறது.

இனி ஏழு கோயிலுக்கு வருவோம். 1772இலும் 1776இலும் மாமல்லபுரத்தைக் கண்ட வில்லியம் சேம்பர்ஸின் கட்டுரை 1788இல் ‘ஏசியாடிக் ரிசர்ச்சஸ்’ முதல் தொகுதியில் வெளிவந்தது. கடலில் வெகுதூரத்தில் கோயில் உச்சிகள் பல தெரிந்ததாகவும், அவற்றின் செம்புத் தகடுகள் காலை வெயிலில் பளபளத்ததாகவும் ஊர் முதியோர் நினைவுகூர்ந்ததை ஊரார் சொல்ல, அவர் பதிவு செய்தார். பிற்காலத்தில் களிம்பேறியதால் அந்த ஒளி மங்கிவிட்டதாம். இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். முதியோர் கூற்றில் ‘பல’ என்றுதான் இருக்கிறது; ‘ஏழு’ என்பது மாலுமிகள் இவ்வூருக்கு வழங்கிய பெயரில் உள்ள எண். அடுத்து, இன்று ஏன் தெரியவில்லை என்ற காரணத்தையும் பேச்சே சேர்த்துச் சொல்கிறது. கேட்பவர் நம்பும் எல்லைக்குள் நிற்க முயலும் மிகை இது. 1810இல் ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் சதி தம் ‘கெஹாமாவின் சாபம்’ காவியத்தில் இதை மூழ்கிய மாநகராக வளர்த்தார். காவியத்துக்கு அது தகும். ஆனால் அவ்வளர்ச்சியை வரலாறாக வாசிப்பது தகாது.

2002இல் கடற்கரைக் கோயிலுக்கு அப்பால் 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், தேசியக் கடலியல் நிறுவனத்தார் கட்டட எச்சங்களைக் கண்டனர். 2004 ஆழிப்பேரலை மணலை அரித்து மேலும் சில கற்களை வெளிக்காட்டியது. அருகிலுள்ள சாளுவன்குப்பத்து முருகன் கோயில் அகழ்வும் அதன் தொடர்ச்சியே. ‘கதை மெய்ப்பட்டது’ என்று அப்போது எழுந்த ஆரவாரம் அளவு மீறியது. எச்சங்கள் உண்டு என்பதால் ஏழு என்ற எண் உறுதியாகிவிடாது. அதேபோல, எண் உறுதியாகவில்லை என்பதால் முதியோர் பேச்சு பொய்யாகிவிடவும் இல்லை.

ஆகவே வாய்மொழிச் சான்றைக் கையாளும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது ‘இது உண்மையா’ என்பதன்று. யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னார் என்பதே. பேச்சில் ‘பல’ என்றிருந்ததை ஏட்டில் ‘ஏழு’ என்று ஏற்றினால், அதற்குப் பொறுப்பு ஏடு எழுதியவருடையது.