கீழ்வரம்பு மேல்வரம்பான வரலாறு: இந்திய மாநிலங்களில் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள்

சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம், 1897-இன் 8ஆவது பிரிவு, நாடு கடத்தலோ சிறைத் தண்டனையோ விதிக்கப்பட்ட 15 வயது நிரம்பாத சிறுவனைச் சிறைக்குப் பதிலாகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. அங்கே அவன் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சிறைக்குப் போயிருந்தால் அவனுக்கு எவ்வளவு காலம் என்பது இந்தக் கணக்கில் சேராது. கடைவீதியில் பணப்பையை அடித்த பன்னிரண்டு வயதுப் பையனுக்கு மூன்று மாதச் சிறைக்கு மாற்றாக ஐந்து ஆண்டுப் பள்ளிவாசம் கிடைக்கலாம். 18 வயதைத் தாண்டி வைத்திருக்கக் கூடாது என்பது ஒன்றே அவனுக்கு மிஞ்சிய பாதுகாப்பு.

சட்டம் இயற்றியவர்கள் இதைக் கொடுமையாகக் கருதவில்லை. தண்டனை என்றால் செய்த குற்றத்தின் அளவுக்குள் நிற்க வேண்டும். கல்விக்கு அந்த அளவு பொருந்தாது, ஒரு தொழில் கைவர எத்தனை ஆண்டு தேவையோ அத்தனை ஆண்டு வேண்டும் என்பது அவர்கள் வாதம். இந்த வாதமே இந்தியச் சிறார் சட்டங்களின் முதல் நூறு ஆண்டுகளை ஆண்டது என்றும், பையனின் நன்மையைச் சொல்லியே அவனுடைய காவல் நீட்டப்பட்டது என்றும், அதைக் கேள்வி கேட்கும் வழியும் அதே காரணத்தால் அடைபட்டது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. இச்சட்டங்கள் மாகாணந்தோறும் தனித்தனியாக முளைத்தவை. ஆகவே ஒருவனுக்குப் பள்ளியா சிறையா என்பதைப் பல நேரம் அவன் பிடிபட்ட ஊரே முடிவு செய்தது.

பயிற்சிப் பத்திரத்திலிருந்து பள்ளி வளாகத்துக்கு

இந்த வரலாற்றின் முதல் சட்டத்தில் பள்ளி என்று எதுவும் இல்லை. தொழில் பழகுநர் சட்டம், 1850 அனாதைகளையும் ஏழைக் குழந்தைகளையும் தொழில் முதலாளிகளிடம் பத்திரம் எழுதி ஒப்படைக்க வழி செய்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட, பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளுக்கானது அது. ஊர் சுற்றியதற்காகவோ சில்லறைக் குற்றத்துக்காகவோ தண்டிக்கப்பட்ட பிள்ளைக்கு மாஜிஸ்திரேட்டே காப்பாளராக நின்று கையெழுத்திடலாம். பத்திரத்தின் உச்சவரம்பு ஏழு ஆண்டுகள். பிற்காலச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்களில் வரும் ஏழு ஆண்டுகளும் இந்த உச்சவரம்போடு ஒத்துப்போவது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பையனை முதலாளியிடம் ஒப்படைக்கும் எண்ணமே பிறகு கட்டடம், கண்காணிப்பாளர், பட்டறை என்று உருப்பெற்றது. பம்பாயில் 1857இல் டேவிட் சசூனின் பெயரில் அமைந்த தொழிற்பள்ளி இந்த மாற்றத்தின் தொடக்ககால எடுத்துக்காட்டு.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், ஏழு வயது நிரம்பாத குழந்தையின் செயல் குற்றமாகாது என்றது. ஏழு முதல் பன்னிரண்டு வரை உள்ள பிள்ளை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் அறியும் முதிர்ச்சி பெற்றிருந்ததா என்று பார்க்கச் சொன்னது. பன்னிரண்டைத் தாண்டியவனைப் பெரியவனிடமிருந்து பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பவே 1876இல் முதல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது. அது 16 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கானது; காவல் இரண்டு முதல் ஏழு ஆண்டுகள். 1897இல் அதை நீக்கிவிட்டுப் புதிய சட்டம் இயற்றியபோது வயது 15 ஆகக் குறைந்தது, கீழ்வரம்பு மூன்றாக உயர்ந்தது. சட்டத்துக்குள் வரும் பையன்களின் எண்ணிக்கை சுருங்க, வந்தவன் இருக்க வேண்டிய காலம் நீண்டது.

வங்கத்தில் அலிப்பூர், பம்பாய் மாகாணத்தில் எரவாடா, வடக்கே பரேலி, மத்திய மாகாணத்தில் ஜபல்பூர் ஆகிய இடங்களில் பள்ளிகள் எழுந்தன. சென்னை மாகாணத்துக்குச் செங்கல்பட்டில் 1887இல் திறக்கப்பட்டது. சிறைத்துறையின் கீழ் தொடங்கிய இப்பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வித்துறையின் பொறுப்புக்கு மாறின. தச்சும் கொல்லும் தறியும் தையலும் அங்கே பாடங்கள்.

1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் உட்பக்கம்

ஓர் இடம் சீர்திருத்தப் பள்ளி ஆக வேண்டுமானால் அங்கே இருக்க வேண்டியவற்றை 6ஆவது பிரிவு சொல்கிறது. இரவில் பையன்களைத் தனித்தனியே பிரித்து வைக்கும் வசதி, சுகாதார ஏற்பாடு, தண்ணீர், உணவு, உடை, படுக்கை, தொழிற்பயிற்சிக்கான வசதி, நோயுற்றால் கிடத்த ஒரு மருத்துவ அறை. எழுதப் படிக்கக் கற்பிக்கும் வகுப்பறை இந்தப் பட்டியலில் இல்லை. இரவுப் பிரிவினை முதலில் நிற்பதும் கவனிக்கத்தக்கது. பையன்கள் ஒருவரையொருவர் கெடுத்துவிடுவார்கள் என்ற அச்சம், அவர்களுக்கு எதைக் கற்றுத்தருவது என்ற கேள்விக்கு முன்னால் வந்து நிற்கிறது.

14 வயது கடந்த பையனை வெளியே ஒரு நம்பகமான ஆளிடமோ அரசு அலுவலரிடமோ உரிமச் சீட்டின் பேரில் வேலைக்கு விடலாம் என்றது இன்னொரு பிரிவு. சீட்டு மூன்று மாதத்துக்குச் செல்லும். காவல் காலம் முடியும் வரை அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 1850ஆம் ஆண்டின் பயிற்சிப் பத்திரம் இங்கே வேறு உருவில் திரும்பிவிட்டது.

ஆயினும் சட்டத்தின் மிகக் கூர்மையான பிரிவு 16ஆவது என்பேன். பையனின் வயது இன்னது என்று பிறப்பித்த ஆணையையும், சிறைக்குப் பதில் பள்ளி என்று பிறப்பித்த ஆணையையும் மேல்முறையீட்டிலோ சீராய்விலோ எந்த நீதிமன்றமும் மாற்ற முடியாது. பிறப்புப் பதிவு அரிதாக இருந்த காலம் அது. பையனின் உயரத்தையும் பல்லையும் பார்த்து மாஜிஸ்திரேட் சொல்வதே வயது. அந்த மதிப்பீட்டின்மேல் ஐந்தோ ஏழோ ஆண்டுகள் ஏறி நிற்கும்போது, அதை எதிர்த்துப் பேச வழியில்லை. கல்வி தருவதை எதிர்த்து யாராவது மேல்முறையீடு செய்வார்களா என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. ஊரில் விட்டுவந்த தாயும் தகப்பனும் அப்படி எண்ணியிருக்க மாட்டார்கள்.

பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியே கிடையாது. சட்டம் சொன்ன ‘இளங்குற்றவாளி’ ஆண்பிள்ளை மட்டுமே. கண்டித்து அனுப்புவது, பெற்றோரிடம் பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு ஒப்படைப்பது என்ற 31ஆவது பிரிவின் எளிய வழிகள் மட்டும் பெண்களுக்கும் திறந்திருந்தன. அந்த வழிகளைச் சட்டம் முழுவதற்கும் விரித்திருந்தால் எத்தனையோ பையன்கள் வீட்டோடு இருந்திருப்பார்கள்.

பள்ளிக்குப் போனவர்களைவிடப் பிரம்படி வாங்கியவர்களே அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். 1864ஆம் ஆண்டின் கசையடிச் சட்டம் சிறார்களுக்கு மற்றத் தண்டனைகளுக்கு மாற்றாக அடியை அனுமதித்தது. 16 வயதுக்குட்பட்டவனுக்கு 15 அடிக்கு மேல் கூடாது என்று 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வரம்பு கட்டியது. செலவில்லாத, ஒரே நாளில் முடிந்துபோகும் தண்டனை என்பதால் மாஜிஸ்திரேட்டுகள் அதை விரும்பினார்கள். சுதந்திரத்துக்குப் பின் 1955இல்தான் கசையடி சட்டப்புத்தகத்திலிருந்து நீங்கியது. குற்றமே செய்யாத பிள்ளைகளும் தப்பவில்லை. குற்றப் பழங்குடியினர் சட்டத்துக்கு 1897இல் வந்த திருத்தம், அப்படி முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களின் நான்கு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க அனுமதித்தது. இங்கே குற்றம், விசாரணை, தண்டனை மூன்றும் பிறப்பிலேயே முடிந்துவிட்டன. காப்பாற்றுகிறோம் என்ற சொல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சென்னை முந்திக்கொண்டது

சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பணியில் இருந்த அலெக்சாண்டர் கார்டியூவின் தலைமையில் அமைந்த 1919–20ஆம் ஆண்டின் இந்தியச் சிறைகள் குழு, சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பக் கூடாது, அவர்களுக்குத் தனி நீதிமன்றமும் விசாரணைக் காலத்தில் தங்கத் தனி இல்லமும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1920இலேயே சென்னை தன் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. வங்கம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. மூன்றுக்கும் மாதிரி 1908ஆம் ஆண்டின் ஆங்கிலேயக் குழந்தைகள் சட்டம்.

சென்னைச் சட்டத்தில் 14 நிரம்பாதவர் குழந்தை, 14 முதல் 16 வரை இளையவர். குழந்தைக்கு மரண தண்டனையும் நாடு கடத்தலும் சிறையும் கூடாது. இளையவரில் கட்டுக்கு அடங்காதவர் என்று நீதிமன்றம் கருதியவருக்கு மட்டும் விலக்கு. சீர்திருத்தப் பள்ளி ‘சான்று பெற்ற பள்ளி’ ஆயிற்று. செங்கல்பட்டு, வயதில் மூத்த சிறுவர்களுக்கான சான்று பெற்ற பள்ளியாகத் தொடர்ந்தது. பிச்சை எடுத்த, ஆதரவற்ற பிள்ளைகளையும் அதே சட்டம் தன் கைக்குள் கொண்டுவந்தது. திருடியவனும் தெருவில் நின்றவனும் ஒரே நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படலாயினர். இது அக்கறையால் செய்யப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வறுமையைக் காவலில் வைப்பதற்கு ஏற்ற காரணமாக்கிய தவறு, இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாநிலச் சட்டத்திலும் தொடர்ந்தது.

16 வயதைத் தாண்டியவர்களுக்காக 1925ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம் வந்தது. 21 வயது வரை உள்ளவர்களுக்கான இந்தச் சட்டத்தில் காவல் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். தஞ்சாவூரிலும் பின்னர் பாளையங்கோட்டையிலும் நடந்த பார்ஸ்டல் பள்ளி இன்று புதுக்கோட்டையில் இருக்கிறது. பஞ்சாப், வங்கம், பம்பாய், மத்திய மாகாணம் ஆகியவையும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே தத்தம் பார்ஸ்டல் சட்டங்களை இயற்றின.

எல்லைக்கு எல்லை மாறிய குழந்தை

சிறைகள், சீர்திருத்தப் பள்ளிகள், பார்ஸ்டல் நிறுவனங்கள் ஆகியவை அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் நான்காவது இனமாக வைக்கப்பட்டன. ஆகவே சுதந்திரத்துக்குப் பிறகும் ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் போயிற்று. உத்தரப் பிரதேசம் 1951, மேற்கு வங்கம் 1959, ராஜஸ்தான் 1970, ஹரியானா 1974. நாடாளுமன்றம் 1960இல் இயற்றிய குழந்தைகள் சட்டம் ஒன்றியப் பிரதேசங்களுக்கு மட்டுமே செல்லும். அதில் ஆணுக்கு 16, பெண்ணுக்கு 18. மேற்கு வங்கத்தில் 18. பதினேழு வயதுப் பையன் ஒருவன் வங்கத்தில் குழந்தை, ஆணுக்கு 16 என்று வைத்த மாநிலத்தில் முழு ஆள். சட்டம் இயற்றிய மாநிலங்களிலும் அரசு அறிவிக்கை வெளியிட்ட மாவட்டங்களில்தான் அது நடைமுறைக்கு வந்தது. மற்ற இடங்களில் சிறைக் கதவுதான் திறந்திருந்தது.

இந்தக் குழப்பம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்குகளில் தெளிவாகத் தெரிகிறது. கொலைக் குற்றத்துக்கும் ஹரியானா குழந்தைகள் சட்டம் பொருந்துமா என்ற கேள்வி 1981இல் ரக்பீர் வழக்கில் எழுந்தது. பொருந்தும் என்றது நீதிமன்றம். குற்றம் நடந்த நாளின் வயதா, விசாரணைக்கு வந்த நாளின் வயதா என்பது 1982இல் உமேஷ் சந்திரா வழக்கில் குற்ற நாள் என்று தீர்ந்தது. 2000இல் அர்னித் தாஸ் வழக்கில் நீதிமன்றத்தில் நிறுத்திய நாள் என்று மாறியது. 2005இல் பிரதாப் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து மீண்டும் குற்ற நாளையே உறுதி செய்தார்கள். கோபிநாத் கோஷ் வழக்கில் ஒருவர் கொலைக்குத் தண்டிக்கப்பட்டு மேல்முறையீடெல்லாம் முடிந்து உச்ச நீதிமன்றம் வந்த பிறகே குற்றத்தின்போது அவர் சிறுவர் என்ற பேச்சு முதன்முறையாக எழுந்தது. 1984இல் நீதிமன்றம் அதை ஏற்றுத் தண்டனையை ரத்து செய்தது. 1897இன் 16ஆவது பிரிவு அடைத்துவைத்த கதவு, வயதைப் பற்றி எந்தக் கட்டத்திலும் கேட்கலாம் என்று இங்கே திறந்தது.

பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்கு ஒன்றாக இருக்கும் சட்டங்களுக்குப் பதில் நாடாளுமன்றமே ஒரே சட்டம் இயற்றுவது நல்லது என்றது. அவ்வாண்டே இளஞ்சிறார் நீதிச் சட்டம் நிறைவேறி 1987 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளி ‘சிறப்பு இல்லம்’ ஆயிற்று. ஆனால் அச்சட்டத்தின் 21ஆவது பிரிவைப் படிப்பவர் திடுக்கிடுவார். 14 வயது கடந்த ஆணையும் 16 கடந்த பெண்ணையும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினால் காலம் மூன்று ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. அதற்கும் இளையவர்கள் சிறார் வயதைக் கடக்கும் வரை அங்கே. 1897ஆம் ஆண்டின் மூன்று, தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் கீழ்வரம்பாகவே நின்றது. 2000ஆம் ஆண்டின் புதிய சட்டம் வயதை இருபாலருக்கும் 18 ஆக்கியது. அதுவும் இளையவனைச் சிறார் வயது முடியும் வரை வைத்திருக்கும் முறையையே தொடர்ந்தது. 2006இல் வந்த திருத்தம்தான் மூன்று ஆண்டுகளை மேல்வரம்பாக மாற்றியது. சிறார் நீதியில் பெரிய திருப்பம் எது என்று கேட்டால், பலரும் 1920ஐயோ 1986ஐயோ சொல்வார்கள். ஒரு பையனின் வாழ்நாளில் அரசு எடுத்துக்கொள்ளும் காலத்துக்கு முதன்முறையாக மூன்று ஆண்டுகள் என்ற குறுகிய உச்சவரம்பு கட்டிய 2006ஐ நான் சொல்வேன்.

அந்த வரம்பு முழுமையாகப் பத்து ஆண்டு நிற்கவில்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் எழுந்த கோபத்தில், 2016 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டின் சட்டம் கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 முதல் 18 வயதினரைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வழி செய்தது. அதற்கு முன்பு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம், அந்தச் சிறுவனுக்குக் குற்றம் செய்யும் மன, உடல் திறனும் விளைவை அறியும் திறனும் இருந்தனவா என்று முதனிலை மதிப்பீடு செய்ய வேண்டும். 1860ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளையை விடுவிப்பதற்குக் கேட்கப்பட்ட அதே கேள்வி, இப்போது பதினேழு வயதுப் பையனைப் பெரியவர்களின் தண்டனைக்கு அனுப்புவதற்காகக் கேட்கப்படுகிறது. குழுமத்தில் குழந்தை உளவியல் படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில், 2022ஆம் ஆண்டின் இறுதியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்து, அங்கிருந்த அலுவலர்களே கைது செய்யப்பட்டதை அடுத்து, கூர்நோக்கு இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்ட ஒருநபர் குழுவை அரசு அமைத்தது; 2023 நவம்பரில் குழு அறிக்கை அளித்தது. காவலின் காலத்துக்கு அப்படியொரு குறுகிய எல்லை கட்ட நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. காவலுக்குள் நடப்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு இன்னும் மாநிலங்களிடம்தான் இருக்கிறது. ஒன்றியச் சட்டம் ஒன்றாகிவிட்டாலும், நன்னடத்தை அலுவலர் எத்தனை பேர், இல்லத்தில் ஆசிரியர் உண்டா, இரவில் யார் காவல் என்பதை ஒவ்வொரு மாநிலத்தின் நிதிநிலை அறிக்கையே முடிவு செய்கிறது.