துளை விழுந்த இடத்தில் ஓர் ஆண்டு

பழைய ராணுவத் துப்பாக்கியை வெட்டி வேட்டைத் துப்பாக்கியாக மாற்றுவதை அமெரிக்காவில் 'ஸ்போர்ட்டரைசிங்' என்பார்கள். இன்றைய சேகரிப்பாளர்கள் இதைக் கேட்டாலே தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நானும் முதலில் அவர்கள் கட்சிதான்.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ஜெர்மனியின் காராபினர் 98கே துப்பாக்கிகளை அமெரிக்கச் சிப்பாய்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னர் உபரிச் சரக்காகவும் வந்தன; தபாலிலேயே வாங்கலாம். புதுசு வாங்க வசதியில்லாத வேட்டைக்காரருக்கு வேறென்ன வேணும்? கனம்தான் கிட்டத்தட்ட 4 கிலோ. குழலை மூடிய முன்கட்டையை அறுத்தார்கள். தொலைநோக்கியில் இடிக்காதபடி போல்ட் கைப்பிடியைத் தாழ்த்தி வளைத்தார்கள். ரிசீவரின் மேற்புறத்தில் துளை போட்டுத் தொலைநோக்கியை மாட்டினார்கள்.

சிக்கல் அங்கேதான். ஆலையின் குறியீடும் ஆண்டும் பொறித்திருப்பது அதே இடத்தில்! 'பிஒய்எஃப் 43' என்றால் ஓபர்ன்டோர்ஃப் நகரத்து மவுசர் ஆலை, 1943. துளை விழுந்தால் அந்தச் சான்று போச்சு.

ஆனால் அன்று இவை அரும்பொருள் இல்லை, மலிவாகக் குவிந்து கிடந்தவை. 1968 சட்டம் ராணுவ உபரியின் இறக்குமதியையும் தபால் விற்பனையையும் தடுத்தது. வெட்டாதவற்றுக்கு மவுசு பிறகுதான் ஏறியது.

இப்போது சிலர் வெட்டியவற்றுக்குப் பழைய கட்டையை மாட்டி, துளையை அடைத்து, 'அசல்' ஆக்குகிறார்கள். எனக்கு இதுவும் உறுத்துகிறது. அறுத்த கட்டையும் ஒரு சான்றுதானே? போர் முடிந்த பிறகு அந்தத் துப்பாக்கி யார் வீட்டில், எதற்கு உழைத்தது என்பதை அதுதான் சொல்கிறது.