மன்னார்ப் பாதையும் மானிப்பாய் மருத்துவமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், மடுவை அண்டிய காடுகளினூடாகக் கால்நடையாகவே மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கிச் சென்றனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழிநெடுகிலும் பலரைப் பலிகொண்டன.

இதே காலப்பகுதியில், 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் மாணவருக்கு மேலைநாட்டு மருத்துவம் பயிற்றினார். ஆங்கிலத்திற் கற்றோர் சம்பள உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகன்றமையால், 1860களில் அவர் தமிழைப் போதனாமொழியாக்கினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்கள் அத்தேவையின் பேறுகளே. 1873இல் அவர் நாடு திரும்புமுன் அறுபதுக்கு மேற்பட்டோர் பயிற்சி பெற்றிருந்தனர். மதம் பரப்பும் நோக்கம் இம்முயற்சியிற் கலந்திருந்தது. எனினும், அறிவை மக்கள் மொழியிற் கையளித்தமை அதன் முற்போக்கு அம்சமாகும்.

1870இல் கொழும்பில் அரசு நிறுவிய மருத்துவப் பள்ளியோ ஆங்கிலத்தையே கொண்டது. குடியேற்ற ஆட்சிக்கு வேண்டியிருந்தது உத்தியோகத்தரே. ஊர் மருத்துவர் அல்லர். ஆயின், மொழி மாற்றம் மட்டுமே மன்னார்ப் பாதையில் வீழ்ந்தோரைக் காத்திராது. அவர்களை அவ்வழியே நடக்கவைத்தது தோட்ட முதலாளியத்தின் இலாபக் கணக்கு. எனவே, பன்னாட்டு மருத்துவக் கல்விக் கூட்டுறவு எதனையும் மதிப்பிடுகையில், எந்நாடு கற்பிக்கிறது என்பதனினும், எம்மொழியில், எவ்வர்க்கத்தின் நலனுக்காக என்பதே முதன்மை வினாவாகும்.