அன்ரனா பார்த்த திசை



பிரிவில் வாடிய யட்சன் ஒருவன் மேகத்தைத் தூது விட்ட கதையைக் காளிதாசர் வடமொழியிலே பாடினார். நல்லூருக்கு வடக்கே சில கட்டை தூரத்திலுள்ள சுன்னாகத்தில் வாழ்ந்த அ. குமாரசுவாமிப் புலவர் அதனை 'மேகதூதக் காரிகை' என்ற பெயரில் தமிழுக்குத் தந்தார். கிளி, அன்னம், தென்றல், மேகம் என்று தூது போகாத பொருளே நம் இலக்கியத்தில் இல்லை எனலாம். ஆனால் நம்முடைய காலத்தில், நம்முடைய கூரைகளுக்கு மேலாகவே ஒரு தூது வந்து போயிற்று. அதனைப் பெற்றுக்கொள்ள நாம் நாட்டிய கருவி அன்ரனா. அந்த அன்ரனாவின் கதையையே இன்று பேசப் போகிறேன்.

மேல்நாடுகளில் கேபிள் தொலைக்காட்சி இணைப்பைத் துண்டித்துவிட்டு, மீண்டும் கூரையில் அன்ரனா பூட்டுகின்ற குடும்பங்கள் பெருகியிருக்கின்றன. மாதாமாதம் கட்டணம் செலுத்தும்போது நம்மவர் வீடுகளிலும் அந்தப் பேச்சு எழாமலில்லை. "முந்தி ஒரு சதமும் குடுக்காமல்தானே பாத்தனாங்கள்" என்று பெரியவர் ஒருவர் சொல்வார். அது உண்மைதான். ஆனால் அந்தச் சதமில்லாக் காட்சிக்கு நாம் கொடுத்த விலை வேறு. அதைத் தெரிந்துகொள்ளாமல் பழையதற்குத் திரும்புவது எப்படி?

முதலில் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. மீன்முள்ளைப் போலக் குறுக்குத் தண்டுகள் கொண்ட அந்த அன்ரனாவுக்கு 'யாகி - உடா' என்பது பெயர். 1926 ஆம் ஆண்டு, ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் சின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்ற இருவர் ஆராய்ந்து வெளியிட்டது. அவர்களுடைய நாட்டில் அப்போது அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 1942 இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியப் படையிடம் பிரித்தானிய ராடார் குறிப்பேடு ஒன்று அகப்பட்டது. அதில் 'யாகி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது என்னவென்று கைதியிடம் கேட்டார்களாம். 'அது உங்கள் நாட்டு மனிதரின் பெயரல்லவா' என்று அவன் வியந்தான் என்பார்கள். தன் வீட்டுப் பொருளின் அருமையை அயலான் வாயால் அறிந்துகொள்வது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

இந்த அன்ரனாவுக்கு ஒரு குணம் உண்டு. அது எல்லாப் பக்கமும் பார்க்காது. ஒரு திசையை மட்டுமே கூர்ந்து பார்க்கும். ஆகவே அன்ரனா நாட்டுகிறவன் தான் எங்கே இருக்கிறான் என்பதையும், தன்னோடு பேசுகிறவன் எங்கே இருக்கிறான் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். நல்லூரின் நாற்பது ஆண்டுச் சரித்திரத்தை அதன் அன்ரனாக்கள் திரும்பிய திசைகளைக் கொண்டே சொல்லிவிடலாம்.

முதலாவது திசை வடக்கு. 1975 ஓகஸ்ட் 15 ஆம் திகதி சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்புத் தொடங்கியது. தேசப்படத்தைப் பாருங்கள்: சென்னை நல்லூருக்கு நேர் வடக்கே, ஏறக்குறைய 380 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. 1977 இற்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்து, தொலைக்காட்சிப் பெட்டிகள் குடாநாட்டுக்கு வரத் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்து அன்ரனாக்கள் வடக்கே திரும்பி நின்றன. சென்னை ஒளிபரப்பு 60 மெகாஹேர்ட்ஸை அண்டிய தாழ்ந்த அலைவரிசையில் வந்தபடியால் குறுக்குத் தண்டுகள் ஆளுயரத்தை விஞ்சி, எட்டடி வரை நீண்டன. அத்தகைய பாரத்தை இரும்புக் குழாயின் உச்சியில் ஏற்றி, நான்கு புறமும் கம்பி இழுத்துக் கட்டினார்கள்.

அந்தக் காட்சியை நினைவில் வைத்திருப்போர் இன்றும் பலர் உண்டு. தகப்பன் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்புவார். மகன் யன்னலோரம். தாய் பெட்டிக்கு முன்னால்.

"இப்ப வருதோ?"

"இல்லை அப்பா, புள்ளிதான்... கொஞ்சம் திருப்புங்கோ... ஆ, வருது, வருது! விட்டிடுங்கோ!"

விட்டதும் படம் போய்விடும். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சிக்கு அயலட்டையெல்லாம் ஒரு வீட்டு விறாந்தையில் கூடியிருக்கும்போது இப்படி நேர்ந்தால் எழுகின்ற பெருமூச்சு ஒழுங்கை வரை கேட்கும்.

இந்தக் கடல் கடந்த தூது ஒருவழிப் பாதையன்று. அதற்கு முன்பே இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழகத்துத் தேநீர்க் கடைகளும் வீடுகளும் விரும்பிக் கேட்டன. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் அக்கரையிலும் வீட்டுக் குரல்களாயின. நாம் ஒலியைக் கொடுத்தோம். அவர்கள் ஒளியைத் தந்தார்கள். பாக்கு நீரிணையில் கடவுச்சீட்டுக் கேட்கப்படாமல் போய்வந்தவை இவை இரண்டுமே.

இரண்டாவது திசை தெற்கு. 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி, ஜப்பானிய அரசின் உதவியோடு ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. வடக்குக்கான அஞ்சல் நிலையம் வன்னியில் கொக்காவிலில் அமைந்தது. படம் தெளிவாக இருந்தது. தமிழுக்குக் கிடைத்த நேரமோ சொற்பம். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஓராண்டும் ஆகாத காலம் அது. தெற்கிலிருந்து வருகிற செய்தியைத் தெளிவான படம் மட்டும் நம்பத்தக்கதாக்கிவிடாது. பல வீடுகளில் ஒரே குழாயில் இரண்டு அன்ரனாக்கள் ஏறின: ஒன்று தெற்கே, ஒன்று வடக்கே. அந்த நாளைய யாழ்ப்பாணத்து மனத்தை இதைவிடச் சுருக்கமாக எவராலும் எழுத முடியுமோ தெரியாது.

மூன்றாவது திசை மேற்கு. 1980களில் கொடைக்கானல் மலையிலே தூர்தர்ஷன் அஞ்சல் நிலையம் எழுந்தது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். நல்லூருக்கு அதன் தூரம் ஏறத்தாழ 280 கிலோமீற்றர். கணக்குப்படி பார்த்தால் அவ்வளவு உயரத்திலிருந்தும் அலை 190 கிலோமீற்றர் அளவிலே அடிவானத்தைத் தாண்டி வெளியே போய்விட வேண்டும். பின் எப்படி வந்தது? அமைதியான நாட்களில், கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக் காற்றும் அதற்கு மேலே வெப்பமான உலர் காற்றும் படிந்து நிற்கும். அந்தப் படுகை அலைகளை வளைத்து, வாய்க்கால் நீரைப் போல நெடுந்தூரம் நடத்திச் செல்லும். காற்று மாறினால் வாய்க்கால் உடைந்துவிடும். காளிதாசரின் யட்சன் மேகத்தை நம்பினான். நம்மவர்கள் மேகத்துக்குக் கீழேயுள்ள காற்றை நம்பினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1982 இல் டில்லியின் தேசிய நிகழ்ச்சி தொடங்கியபின், இரவு வேளையில் தூர்தர்ஷன் ஹிந்தியிலே பேசலாயிற்று. தமிழ் கேட்கவென்று தெற்கை விட்டு வடக்கேயும் மேற்கேயும் திரும்பிய அன்ரனாவில், பாதி இரவு ஹிந்தி இறங்கியது. தமிழுக்கென்று ஒரு திசை எங்கும் முழுமையாக இருக்கவில்லை.

1990 ஜூனிலே போர் மீண்டும் மூண்டது. அடுத்த மாதம் கொக்காவில் முகாம் வீழ்ந்தது. அங்கிருந்த ஒளிபரப்பு நிலையமும் அழிந்தது. குடாநாட்டுக்கு மின்சாரமும் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்ட காலம் அது. தொலைக்காட்சி பார்ப்பதானால் ஜெனறேற்றர் வேண்டும். அதற்கு யானை விலை கொடுத்து மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். கூரை மீதிருந்த அன்ரனாக்கள் காகங்கள் இளைப்பாறும் கொம்புகளாயின.

இனி நான்காவது திசை, தென்மேற்கு. இந்தக் கதையில் என் மனத்தை மிக வருத்துவது இதுதான். 1995 ஆம் ஆண்டு இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் கட்டி முடிக்கப்பட்டது. அத்தனை உயரத்திலிருந்து புறப்படுகின்ற அலை ஏறக்குறைய 74 கிலோமீற்றர் வரை நேராகச் செல்லும். பத்து மீற்றர்க் குழாயில் அன்ரனா நாட்டினால் இன்னுமொரு 13 கிலோமீற்றர் கூடும். மொத்தம் 87. இராமேசுவரத்திலிருந்து நல்லூர் ஏறத்தாழ 90 கிலோமீற்றர். காற்றின் தயவை அதிகம் எதிர்பாராமலே அக்கரைத் தமிழ் நல்லூர் முற்றத்தை எட்டித் தொடக்கூடிய நிலை முதன்முதலாக வந்தது. அதே 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. கொட்டும் மழையில், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சனம் செம்மணி வெளியைத் தாண்டி நடந்தது. தூது வாசலுக்கு வந்தபோது வீட்டிலே ஆள் இல்லை.

1996 இல் மக்கள் திரும்பினார்கள். பலருடைய வீட்டில் பெட்டியும் இல்லை, குழாயும் இல்லை. மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தேசிய மின்தொகுப்போடு குடாநாடு மீள இணைவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2002 இன் சமாதான காலத்தில் ஏ-9 பாதை திறந்தபின், ஒழுங்கைகள் தோறும் கேபிள் கம்பி ஓடத் தொடங்கியது. காற்று மாறினாலும் படம் மாறவில்லை. முற்றத்தில் நின்று குழாயைத் திருப்ப வேண்டிய தேவையில்லை. சன் தொலைக்காட்சி முதலாகத் தமிழ் அலைவரிசைகள் பல. நாள் முழுவதும் தமிழ். அன்ரனாக் குழாயைப் பிடுங்கிக் கொடியடிக்கவும் பந்தல் போடவும் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் கேபிளுக்குத் திசையில்லை என்பதைக் கவனித்தீர்களா? அது சுவரில் உள்ள துவாரத்தின் வழியாக வருகிறது. எதைப் பார்க்கலாம் என்பதை கம்பியின் மறுமுனையில் இருப்பவர் தெரிவு செய்கிறார். இத்தனைக்கும் கேபிள் அன்ரனாவின் பிள்ளைதான். 1948 அளவில் அமெரிக்காவின் பென்சில்வேனியா, ஒரிகன் மாநிலங்களில், மலை மறைத்ததால் படம் எட்டாத ஊர்களுக்கு, உயரத்தில் ஒரு பொது அன்ரனா நாட்டி அதிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். ஊருக்கொரு கிணறு போல ஊருக்கொரு அன்ரனா. பின்னாளில் கிணறு மறைந்து, தண்ணீர் விற்பவர் மட்டும் மிஞ்சினார்.

காற்றில் வரும் அலை யாருக்குச் சொந்தம்? இந்திய உச்ச நீதிமன்றம் 1995 பெப்ரவரியில், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. இலங்கை உயர் நீதிமன்றமும் 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது அதே கருத்தைச் சொன்னது: அரசு அதன் உடைமையாளன் அல்ல, மக்களுக்காக அதனைக் காத்து நிற்கும் பொறுப்பாளன் மட்டுமே. கோயில் குளத்துத் தண்ணீரைப் போன்றது அது. கேபிளைப் பற்றி எந்த நீதிமன்றமும் அப்படிச் சொல்ல இயலாது.

ஆகவே, அன்ரனாவுக்குத் திரும்பலாமா? திரும்பலாம், ஆனால் பழைய திசைகள் இப்போது இல்லை. தூர்தர்ஷன் 2021 இல் தன் தரைவழி அனலொக் ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டது. வடக்கையும் மேற்கையும் பார்த்த காலம் அதனோடு முடிந்தது. தெற்கே, கொக்காவிலில் 2011 ஜூன் 6 ஆம் திகதி 170 மீற்றருக்கு மேற்பட்ட புதிய கோபுரம் திறக்கப்பட்டது. 2014 இல் இலங்கை டிஜிற்றல் ஒளிபரப்புக்கு ஜப்பானிய முறையைத் தெரிவு செய்தது; பத்தாண்டு கழிந்தும் அது வீடுகளை வந்தடையவில்லை. இன்று ஓர் அன்ரனாவின் தண்டு சாண் நீளந்தான். ஆளுயரத் தண்டைச் சுமந்த குழாய் இதனை ஒரு பொருட்டாகவும் எண்ணாது.

செலவு மிச்சமாகும் என்பது சிறிய காரியம். மாதக் கட்டணம் செலுத்த முடியாத வீட்டிலும் ஒரு தமிழ்ப் பிள்ளை தன் மொழியில் நல்ல செய்தியை, நல்ல நாடகத்தை, நல்லூர்த் திருவிழாவைச் சதமின்றிப் பார்க்க வேண்டும் என்பதுதான் பெரிய காரியம். அதற்கு அன்ரனா மட்டும் போதாது. அதை நோக்கித் தமிழில் பேசுகின்ற ஒரு கோபுரமும் வேண்டும். பொதுச் சொத்தென்று நீதிமன்றம் சொன்ன அலையில் நமக்குரிய பங்கைக் கேட்காமல் குழாயை மட்டும் நாட்டினால், மறுபடியும் காகங்களுக்குத்தான் இருக்கை செய்தவர்களாவோம்.

முற்றத்தில் நின்ற தகப்பன் கேட்ட கேள்வி இன்னும் காற்றிலே நிற்கிறது: "இப்ப வருதோ?"